பத்மினிக்கு எஸ்டீம் இன்ஜின் போடலாமா?

போன வாரம் சித்தப்பா பையன் ஒரு விற்பனை விளம்பரத்தை அனுப்பி, "அண்ணா, இதை எடுக்கலாமா? நாளைக்கே அட்வான்ஸ் கேக்கறாங்க"ன்னு கேட்டான்.

1984 பிரீமியர் பத்மினி. படத்துல பார்க்க அவ்வளவு அழகு. கீழ விவரம்: எஸ்டீம் இன்ஜின், அஞ்சு கியர், ஏசி, அலாய் வீல், பேப்பர் எல்லாம் பக்கா.

அந்தக் கடைசி வரியைப் படிச்சதும் எனக்குக் கோபம் வந்துடுச்சு.

"ஆர்சியை போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுடா"ன்னேன். வந்துச்சு. 1089 சிசின்னு போட்டிருக்கு. மாருதி எஸ்டீம் இன்ஜின் 1298 சிசி. இன்ஜின் நம்பரும் பழைய பத்மினி இன்ஜினோடதுதான். அந்த இன்ஜின் எப்பவோ காயலான் கடையில எடைக்குப் போயிருக்கும். ஆக, கையில இருக்கற ஆர்சி ஒரு வண்டியைச் சொல்லுது, முன்னாடி நிக்கறது வேற வண்டி. இதுக்குப் பேரு பக்காவா?

"எடுக்காதே"ன்னு சொல்லிட்டேன். ஏன்னு அவன் கேட்க, போன்லயே ரொம்ப நேரம் பேசினேன். அதைத்தான் இங்க விரிவா எழுதறேன். இப்ப பழைய பியட், ஹெரால்டு, முதல் தலைமுறை மாருதி 800 தேடி அலையற பசங்க நிறைய பேர் இருக்காங்க. எனக்கு அதுல பெரிய சந்தோஷம். அந்த ஆசையைக் காசாக்கறவங்க பாதி உண்மையைச் சொல்லி விக்கறதுதான் பொறுக்கலை.

முதல்ல சட்டம். கொஞ்சம் பொறுமையா படிங்க, இது தெரிஞ்சா மீதி எல்லாம் தானா விளங்கும்.

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52. தயாரிச்ச கம்பெனி முதல்ல குடுத்த விவரத்துக்கும் ஆர்சியில இருக்கற விவரத்துக்கும் வித்தியாசம் வர்ற மாதிரி ஓனர் வண்டியை மாத்தக் கூடாது. அவ்வளவுதான் சாரம்.

இது எப்பவும் இப்படி இருக்கலை. 1988-ல சட்டம் வந்தப்போ, ஆர்டிஓ கிட்ட முன்கூட்டியே சொல்லி அனுமதி வாங்கினா மாத்தலாம்னு இருந்துச்சு. 2000-ல வந்த திருத்தம்தான் கதவைச் சாத்தினது. அதனாலதான் பெரியவங்க யாராவது "எங்க அப்பா அந்தக் காலத்துல பியட்டுக்கு டீசல் இன்ஜின் மாத்தி ஆர்சியிலயே ஏத்தினாரே"ன்னு சொன்னா அது பொய்யா இருக்கணும்னு அவசியமில்லை. அன்னைக்கு அதுக்கு வழி இருந்துச்சு. அதே கதையைச் சொல்லி இன்னைக்கு ஒருத்தர் உங்களுக்கு வேலை செஞ்சு குடுக்க வந்தா, ஒத்துக்காதீங்க.

2019 ஜனவரியில உச்ச நீதிமன்றம் இதை இன்னும் அழுத்தமா சொல்லிடுச்சு. கேரளாவுல இருந்து போன வழக்கு. உயர் நீதிமன்றம் கொஞ்சம் தளர்வா பார்த்திருந்ததை ரத்து பண்ணி, தயாரிப்பாளரோட மூல விவரக்குறிப்பு மாறற மாதிரி எந்த வண்டியையும் மாத்தக் கூடாதுன்னு தீர்ப்பு.

அதே வருஷம் சட்டத்துல 182ஏ பிரிவு சேர்ந்துச்சு. அனுமதிக்காத விதத்துல வண்டியை மாத்தின ஓனருக்கு ஆறு மாசம் வரைக்கும் ஜெயில், இல்லேன்னா ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், இல்லேன்னா ரெண்டும். (ஒவ்வொரு மாற்றத்துக்கும்! மேல இருக்கற விளம்பரத்தை இன்னொரு தடவை படிச்சு நீங்களே கணக்குப் போட்டுக்கோங்க.)

சரி, ஆர்சியில என்னென்ன இருக்கு? உங்க புத்தகத்தையோ கார்டையோ எடுத்துப் பாருங்க. வண்டியோட வகை, பாடி வகை, தயாரிப்பு மாசம் வருஷம், சிலிண்டர் எண்ணிக்கை, சிசி, வீல்பேஸ், சீட் எண்ணிக்கை, காலி எடை, எரிபொருள், கலர், சேஸிஸ் நம்பர், இன்ஜின் நம்பர். வேலையை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி நான் எப்பவும் பார்க்கறது இந்தப் பட்டியலைத்தான். இதுல ஒண்ணு மாறினாலும் அது மெக்கானிக் முடிவு பண்ற விஷயம் இல்லை.

கூரையை வெட்டித் திறந்த காரா ஆக்கறாங்களே, அதுல பாடி வகையே மாறிப்போகுது. மாருதி 800-லயும் பத்மினியிலயும் தனி சேஸிஸ் கிடையாது, பாடியேதான் எலும்பு. கூரையை எடுத்தா வண்டி நடுவுல தொய்யும், கதவு சரியா சாத்தாது, மோதினா மடங்கும். இங்கிலாந்துல டிரையம்ப் ஹெரால்டுக்கு கன்வெர்டிபிள் மாடல் வந்துச்சேன்னு கேப்பீங்க. ஹெரால்டுக்கு அடியில தனி சேஸிஸ் உண்டு, கூரை போல்ட் போட்டு மாட்டினது. அது ஆரம்பத்துலயே அப்படி வடிவமைச்ச வண்டி. (நம்ம சென்னை வண்டலூர் பக்கம் ஸ்டாண்டர்டு மோட்டார்ஸ்ல செஞ்ச ஹெரால்டுலயும் அதே சேஸிஸ் கட்டமைப்புதான். ஆனா உங்க ஆர்சியில சலூன்னு இருந்தா அது சலூன்தான்.)

கலர் மாத்தறது இந்தப் பட்டியல்ல சுலபமான விஷயம். ஆர்டிஓவுல விண்ணப்பிச்சு ஆர்சியில பதிஞ்சுட்டா போதும். ஆனா பாதிப் பேர் அதைக்கூடச் செய்யறதில்லை. பெயிண்ட் அடிக்கவே அவ்வளவு செலவு பண்றோம், இந்த ஒரு வேலையையும் முடிச்சுடுங்க.

இன்ஜின்? அதே தயாரிப்பு, அதே வகை இன்ஜின் மாத்த வழி இருக்கு. பத்மினி இன்ஜின் பிளாக் விரிசல் விட்டுடுச்சு, போர் பண்ணவும் சதை இல்லைன்னா, இன்னொரு பத்மினி இன்ஜினைப் போட்டு, முறையா அனுமதி வாங்கி, புது நம்பரை ஆர்சியில ஏத்தலாம். அனுமதியோட மாத்தினா 14 நாளைக்குள்ள தெரிவிக்கணும்னு சட்டம் சொல்லுது. அந்த இன்ஜினுக்கு பில் இருக்கணும், அது எந்த வண்டியில இருந்து வந்ததுங்கறதுக்கு ஆதாரம் இருக்கணும். சென்னை புதுப்பேட்டை பழைய பாகக் கடையில பில் இல்லாம விலை குறைச்சுக் கிடைக்குதுன்னு தூக்கிட்டு வந்தா, நாளைக்கு அது திருட்டு வண்டியோட இன்ஜின்னு தெரிஞ்சா யாருக்கு வம்பு? உங்களுக்குத்தான்.

இன்சூரன்ஸும் இதே கதைதான். அவங்க கிட்ட சொல்லாம இன்ஜின் மாத்தின வண்டிக்கு கிளைம் கேட்டுப் போனா, மறுக்கறதுக்குக் காரணத்தை நாமளே அவங்க கையில குடுத்த மாதிரி ஆகும்.

இப்ப எனக்கு ரொம்ப முக்கியமா படற விஷயத்துக்கு வர்றேன்.

பத்மினி இன்ஜினுக்கு 40 சொச்சம் குதிரைத்திறன். எம்பிஎஃப்ஐ எஸ்டீம் இன்ஜினுக்கு 85. கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. அந்த வண்டிக்கு நாலு சக்கரத்துலயும் டிரம் பிரேக். இத்தாலியில 1950-கள்ல வரைஞ்ச சஸ்பென்ஷன். இன்ஜினை மாத்தறவங்கள்ல எத்தனை பேர் பிரேக்கைப் பத்தி முதல்ல பேசறாங்க? நான் கேட்ட வரைக்கும் பேச்சு எல்லாம் பிக்கப்பைப் பத்தித்தான். மேட்டுப்பாளையத்துல இருந்து குன்னூர் ஏறும்போது பிக்கப் சுகமாத்தான் இருக்கும். இறங்கும்போது?

நான் என்னோட பத்மினியில முதல்ல கை வச்சது பிரேக்லதான். டிரம்மை லேத்துல குடுத்து சமன் பண்ணி, புது ஷூ, வீல் சிலிண்டர், மாஸ்டர் சிலிண்டர், ரப்பர் ஹோஸ் எல்லாம் மாத்தினோம். எல்லாம் அதே அளவு, அதே வகை. எங்க மெக்கானிக் பெரியவர், பியட்லயே கை பழகினவர். "தம்பி, இந்த வண்டியை நிறுத்தத் தெரிஞ்சவனுக்குத்தான் ஓட்டத் தெரியும்"னு சொல்லிட்டே ஒவ்வொரு சக்கரமா அட்ஜஸ்ட் பண்ணினார். அட்ஜஸ்ட்மென்ட் சரியா இருந்தா டிரம் பிரேக் அந்த வண்டியோட வேகத்துக்குத் தாராளமா போதும். ஒரு பக்கமா இழுக்கறது, பெடல் கீழ போறது எல்லாம் பராமரிப்பு இல்லாததால வர்ற வியாதி.

அடுத்தது சூடு. குன்னூர் மலைப் பாதையில பர்லியார் தாண்டினதும் வண்டி இருமி நின்னுடும். பெட்ரோல் பம்ப்ல ஆவி அடைச்சுக்கும். ஈரத் துணி சுத்தி, கொஞ்ச நேரம் நிழல்ல நிறுத்தி, மறுபடி ஏறறது. பியட், அம்பாசடர் ஓட்டின வீட்டுப் பிள்ளைங்களுக்கு இந்தத் துணி வைத்தியம் தெரியும். முதல்ல பம்புக்கும் மேனிஃபோல்டுக்கும் நடுவுல ஒரு தகடு அடிச்சுப் பார்த்தோம். கொஞ்சம் தேவலை. அப்புறம் பெட்ரோல் குழாயை இன்ஜின் சூடு படாம ஒதுக்கிக் கட்டினோம். இன்னும் கொஞ்சம் தேவலை. கடைசியில ரேடியேட்டரைக் கழட்டி கோர் மாத்தினதும்தான் முழுசா தீர்ந்துச்சு. இத்தனைக்கும் ஆர்சியில ஒரு எழுத்து மாறலை. இன்னைக்கு வண்டி மலை ஏறுது.

டிஸ்ட்ரிப்யூட்டருக்குள்ள பிளாட்டினத்துக்குப் பதிலா எலக்ட்ரானிக் இக்னிஷன், ஹெட்லைட்டுக்கு ரிலே, பழுத்துப்போன வயரிங்குக்குப் பதிலா புது ஹார்னஸ். இதெல்லாம் வெளிய தெரியாது, வேணும்னா பழையபடி மாத்திடலாம். ஹெட்லைட் ரிலேயைப் பத்தி ஒரு வார்த்தை: பழைய வண்டியில மொத்தக் கரண்டும் ஸ்விட்ச் வழியாவே சுத்திட்டு வரும், பல்புக்குப் போய்ச் சேரும்போது வோல்டேஜ் குறைஞ்சிருக்கும். ரிலே போட்டா அதே பல்பு பளிச்சுன்னு எரியும். அதை விட்டுட்டு எதிர்ல வர்றவன் கண்ணைக் குருடாக்கற வெள்ளை லைட்டை மாட்டாதீங்க. மத்திய மோட்டார் வாகன விதியில அளவே இருக்கு: லைட்டுல இருந்து 8 மீட்டர் தூரத்துல, 1.5 மீட்டர் உயரத்துல கண் இருக்கற ஆளுக்குக் கூசக் கூடாது.

சீட் பெல்ட். 1984 வண்டியில கிடையாது. நான் முன் சீட்டுக்குப் போட்டிருக்கேன். போல்ட் போடற இடத்துல உள்பக்கமா பெரிய தகடு குடுத்து, அகலமான வாஷர் வச்சு இறுக்கணும். வெறும் தகரத்துல ஓட்டை போட்டு மாட்டினா இடிக்கும்போது பெல்ட் தகரத்தைக் கிழிச்சிட்டு வந்துடும். அழகு கெட்டுப்போகும்னு சொன்ன நண்பர்கள் இருக்காங்க. என் பொண்ணு பக்கத்துல உக்கார்ந்து வர்றா. எனக்கு அந்த அழகு வேண்டாம்.

பொல்யூஷன் சர்டிபிகேட் விஷயத்துல பழைய வண்டிக்காரங்க தேவையில்லாம பயப்படறாங்க. இந்தக் கால வண்டிக்கு வச்சிருக்கற அளவு நமக்குக் கிடையாது. பழைய பெட்ரோல் காருக்கு கார்பன் மோனாக்ஸைடு 3 சதவீதம், ஹைட்ரோகார்பன் 1,500 பிபிஎம் வரைக்கும் போகலாம். ஒழுங்கா டியூன் பண்ணின சோலெக்ஸ் கார்பரேட்டர் இதுக்குள்ள அழகா நிக்கும். என் வண்டியில அளவு கூடுதலா காட்டினப்போ, ஐடிலிங் ஸ்குரூவை மட்டும் திருகிப் பார்த்தோம். குறைஞ்சுது, ஆனா வண்டி நடுங்குச்சு. மிதவையோட உயரத்தைச் சரி பண்ணி, ஏர் ஃபில்டரை மாத்தி, இக்னிஷன் டைமிங்கைப் பார்த்து, கடைசியா ஸ்குரூவைத் தொட்டோம். அந்த வரிசையில செஞ்சதும் மெஷின்லயும் சரி, ரோட்டுலயும் சரி, வண்டி திருப்தியா ஓடுச்சு.

சில விஷயங்கள் வேகமா: பல சுரத்துல கத்தற ஏர் ஹார்ன் கூடாது. சைலன்சரை எடுத்துட்டு உறுமவிடறது கூடாது (சத்தம், புகை விதியை மீறினா பிரிவு 190-ல 10,000 ரூபாய் வரைக்கும் அபராதம், லைசென்ஸும் மூணு மாசம் போகும்). முன் பின் கண்ணாடி 70 சதவீதம், பக்கக் கண்ணாடி 50 சதவீதம் வெளிச்சம் விடணும். முன்னாடி இரும்புக் கம்பி பம்பர் 2017-ல இருந்து கூடாது.

நம்பர் பிளேட் மட்டும் மனசுக்குக் கஷ்டமான விஷயம். பழைய கறுப்புப் பலகை, வெள்ளி எழுத்து, எம்எஸ், டிஎம்னு ஆரம்பிக்கற நம்பர். அந்த வண்டிக்கு அதுதான் பொருத்தம். ஆனா இன்னைக்கு சொந்த வண்டிக்கு வெள்ளைப் பலகை, கறுப்பு எழுத்துதான் விதி. கறுப்புப் பலகையை நான் பத்திரமா வச்சிருக்கேன். கண்காட்சியில வண்டி நிக்கும்போது மாட்டுவேன், ரோட்டுக்கு வரும்போது கழட்டிடுவேன்.

"விண்டேஜ்னு பதிஞ்சுட்டா எல்லாம் சரியாயிடுமா?"ன்னு நிறைய பேர் கேக்கறாங்க. 2021 ஜூலையில மத்திய அரசு தனி விதி கொண்டுவந்துச்சு. முதல் பதிவுல இருந்து 50 வருஷம் தாண்டின கார், டூவீலருக்கு அது. புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருஷம் செல்லும், நம்பர்ல "விஏ"ன்னு வரும். ஏற்கெனவே பதிவான வண்டி தன் பழைய நம்பரையே வச்சுக்கலாம். கேக்க நல்லா இருக்கு. ஆனா ரெண்டு விஷயம் கவனிங்க.

ஒண்ணு, விண்டேஜ் வண்டியை தினமும் ஓட்ட முடியாது. கண்காட்சி, ராலி, ஆராய்ச்சி, பெட்ரோல் போட, ரிப்பேருக்கு. அவ்வளவுதான். மார்க்கெட்டுக்குக் காய் வாங்கப் போக முடியாது.

ரெண்டாவது, சேஸிஸ், பாடி, இன்ஜின்ல மாற்றம் செஞ்ச வண்டி விண்டேஜ் ஆகாது. 1976-ல பதிவான பத்மினிக்கு 2026-ல 50 வயசு. ஒரிஜினல் இன்ஜினோட இருந்தா அதுக்கு அந்தக் கௌரவம் காத்திட்டு இருக்கு. எஸ்டீம் இன்ஜின் போட்ட அன்னைக்கே அந்த வழியை அடைச்சாச்சு. பத்மினி உற்பத்தி 2000-லயே நின்னுபோச்சு, மும்பையில அதோட கடைசி டாக்ஸி 2023 அக்டோபர்ல ஓய்வெடுத்துச்சு. இனிமே புதுசா ஒண்ணு வரப்போறதில்லை. மிச்சம் இருக்கறதுல ஒண்ணை வெட்டறோம்ங்கறது எனக்கு உண்மையிலேயே வலிக்குது.

தினமும் ஓட்டணும்னா சாதாரணப் பதிவிலயே இருங்க. 15 வருஷத்துக்கு அப்புறம் அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்கணும். ஃபார்ம் 25, வண்டியை நேர்ல காட்டணும், பிரேக் இன்ஸ்பெக்டர் பார்ப்பார், சேஸிஸ் நம்பரை பென்சில் பிரிண்ட் எடுப்பாங்க. இதுக்கு 600 ரூபாயா இருந்த கட்டணம் 2022-ல 5,000 ஆச்சு. 2025 ஆகஸ்ட்ல, 20 வருஷம் தாண்டின காருக்கு 10,000 ஆக்கிட்டாங்க. மேல பசுமை வரி வேற. எனக்கு இதுல வருத்தம்தான். வருஷத்துக்குக் கொஞ்ச தூரமே ஓடற, நல்லா பராமரிச்ச வண்டிக்கும் வயசை மட்டும் பார்த்து இப்படி ஏத்தறது நியாயமில்லை.

எலக்ட்ரிக்கா மாத்தலாமான்னு கேக்கறவங்களுக்கு: அதுக்கு 2016-லயே விதி வந்துடுச்சு, அங்கீகாரம் பெற்ற கிட் போட்டு ஆர்சியில பதியலாம். ஆனா 1990 ஜனவரி 1-க்கு அப்புறம் தயாரான வண்டிக்குத்தான். 1992 மாருதி 800-ன்னா பேசிப் பார்க்கலாம், அதுவும் அந்த மாடலுக்கு அங்கீகாரம் ஆன கிட் இருந்தா. 1984 பத்மினிக்கு அந்த வழியும் கிடையாது.

இங்கதான் சட்டத்து மேல எனக்கு ஒரு குறை. முன்னாடி டிஸ்க் பிரேக் போடணும்னு ஒருத்தர் நினைக்கறார்னு வைங்க. வண்டி இன்னும் பாதுகாப்பாத்தான் ஆகும். ஆனா கறாரா படிச்சா அதுவும் தயாரிப்பாளர் குடுத்த விவரத்துல இருந்து விலகறதுதான். நேர்மையா செய்ய நினைக்கறவர் போய் நிக்கறதுக்கு ஒரு கவுன்ட்டர் இல்லை. அதனால சத்தம் இல்லாம செய்யறவங்கதான் பெருகறாங்க.

ஜெர்மனியில மாத்தின வண்டியை ஆய்வு நிலையத்துக்குக் கொண்டுபோய் தனியா பரிசோதிச்சு, பேப்பர்ல ஏத்திக்கலாம். 30 வருஷம் தாண்டி, பழைய தோற்றத்தோட நல்லா இருக்கற வண்டிக்கு எச் எழுத்து போட்ட பிளேட் தர்றாங்க, அதை வச்சு தினமும் ஓட்டலாம். இங்கிலாந்துல ரொம்ப காலம் மதிப்பெண் முறை வச்சிருந்தாங்க. சேஸிஸ் அல்லது பாடிக்கு 5, சஸ்பென்ஷன், ஆக்ஸில், கியர்பாக்ஸ், ஸ்டியரிங் ஒவ்வொண்ணுக்கும் 2, இன்ஜினுக்கு 1. ஒரிஜினலா இருக்கற பாகங்களுக்கு 8 மதிப்பெண் வந்தா பழைய நம்பர் நிலைக்கும். இன்ஜினுக்கு ஒண்ணே ஒண்ணுதான்னு பாருங்க, அதை விட வண்டியோட எலும்புக்கும் பிடிமானத்துக்கும்தான் மதிப்பு. பழைய மினி வச்சிருக்கற ஒருத்தர் எதைத் தொடலாம்னு வீட்டுல உக்கார்ந்தே கணக்குப் போட முடிஞ்சுது.

நமக்கு வசதி இல்லையா? ஒரகடத்துல வாகனச் சோதனை மையம் இருக்கு, புனேல ஏஆர்ஏஐ வாகன ஆராய்ச்சி நிறுவனம் இருக்கு. பிரேக், சீட் பெல்ட் மாதிரி பாதுகாப்பைக் கூட்டற சில மாற்றங்களுக்கு மட்டுமாவது, பழைய மாடலுக்குத் தகுந்த கிட்டை அங்க சோதிச்சு அங்கீகரிக்கட்டும். அதை மாட்டினா ஆர்சியில ஒரு வரி ஏத்தட்டும். கட்டணம் கேட்டா குடுப்போம். இன்ஜினைத் தொடக் கூடாதுன்னா அதையும் ஏத்துக்கறேன். பிரேக்கை மேம்படுத்த வழி குடுங்கன்னுதான் கேக்கறேன்.

தமிழ்நாட்டுல முறையா இன்ஜின் மாத்தி (அதே வகை) ஆர்சியில ஏத்தினவங்க யாராவது இதைப் படிச்சா, உங்க ஆர்டிஓவுல என்னென்ன பேப்பர் கேட்டாங்க, எந்த வரிசையில செஞ்சீங்கன்னு கொஞ்சம் விவரமா எழுதுங்க. ஊருக்கு ஊர் கேக்கறது வித்தியாசப்படுது. தொகுத்து ஒரே இடத்துல போட்டு வைக்கறேன்.